கொடி ரத்தத்த காசு கட்டிச் சேமிக்கிறதா, விடுறதா? யாரிட செல் யாருக்கு எண்டு முதல்ல கேளுங்க

தங்கச்சிக்கு இப்ப ஏழு மாசம். மச்சான் கட்டார்ல நிக்கிறார். போன மாசம் அவளுக்கு ஒரு வாட்ஸ்அப் கோல் வந்துச்சு, பிள்ளை பிறக்கேக்க தொப்புள்கொடியில இருக்கிற ரத்தத்த எடுத்து உறைய வச்சுத் தருவம், 80 வருத்தத்துக்கு அது மருந்து, ஒரேயொருக்காத்தான் சான்ஸ், இப்ப விட்டா பிறகு அழுதாலும் வராது எண்டு. அந்தக் கடைசி வசனம்தான் வேலை செய்தது. அண்டைக்கு ராத்திரி அவள் நித்திரை கொள்ளல. விடிய ஓட்டோ பிடிச்சு உப்புவெளிக்கு என்ர வீட்டுக்கு வந்து, "அண்ணா நீங்க ஏ.எல் பயோ படிப்பிக்கிறீங்கதானே, இது உண்மையோ பொய்யோ ஒண்டச் சொல்லுங்க" எண்டாள்.

ஒத்த வார்த்தையில சொல்லேலாத கேள்வி. கோல் எடுத்த கம்பனிப் பிள்ளை போன்ல சொன்னதில முழுப் பொய் எண்டு ஒண்டும் இல்ல. 80 வருத்தம் எண்டதும் உண்மைதான். ஆனா அதில ஒரு சொல்லு விடுபட்டுப் போச்சு, யாரிட செல்லு யாருக்கு எண்ட சொல்லு. அத மட்டும் கையில பிடிச்சுக்கொண்டு நாலு வழியையும் பாத்தம், அதத்தான் இங்க எழுதுறன், ஏனெண்டா இந்தக் கோல் இப்ப கிண்ணியா, மூதூர்ப் பக்கமும் போகுதெண்டு என்னட்டப் படிக்கிற பிள்ளையள் சொல்லுதுகள்.

முதல்ல அந்த ரத்தத்தில என்ன இருக்கு எண்டு. எங்கட பாடப்புத்தகத்தில கலம் எண்டுதான் வரும், இந்தியப் பக்கம் குருத்தணு எண்டு எழுதுவாங்க, நான் ஸ்டெம் செல் எண்டே சொல்லிட்டுப் போறன், எல்லாருக்கும் விளங்கும். ஸ்டெம் செல்லுக்கு ரெண்டு குணம் இருக்கோணும். தன்னப் போல இன்னொண்ட உண்டாக்கோணும், வேற வேலை செய்யிற செல்லாயும் மாறோணும். சும்மா தோல் செல்லுக்கோ சிவப்பணுவுக்கோ இது ஏலாது. சிவப்பணு ஒண்டு 120 நாள்தான் இருக்கும், அதால எங்கட உடம்பு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுவ புதுசா செய்துகொண்டே இருக்கு, அவ்வளவும் என்பு மச்சைக்குள்ள, அதாவது எலும்பு மஜ்ஜைக்குள்ள இருக்கிற கொஞ்சூண்டு ஸ்டெம் செல்லுகளிட வேலை. கனடாவில டொரொண்டோவில டில், மக்கலக் எண்ட ரெண்டு பேர் 1961ல எலிகளை வச்சுச் செய்த பரிசோதனையிலதான் இப்படி ஒரு சாதி செல் இருக்கெண்டு பிடிபட்டது. தொப்புள்கொடி ரத்தத்திலயும் இருக்கிறது இதே ரத்தம் உண்டாக்கிற ஸ்டெம் செல்தான். இது இதயத்தயோ மூளையயோ கட்டித் தராது. ரத்தத்தயும் நோய் எதிர்ப்புச் செல்லுகளயும் உண்டாக்கும், அவ்வளவுதான், ஆனா அதுவே பெரிய விசயம்.

எவ்வளவு பெரிய விசயம் எண்டா, 1988ல பாரிஸில செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில டொக்டர் எலியான் குளுக்மனும் அவவின்ர ஆக்களும், மச்சை வேலை செய்யாமப் போற ஃபான்கோனி அனீமியா எண்ட பரம்பரை வருத்தம் இருந்த ஒரு சின்னப் பொடியனுக்கு கொடி ரத்தம் ஏத்திச் சுகப்படுத்தினாங்க. உலகத்தில அதுதான் முதல் முறை. இதக் கம்பனி ஆக்களும் சொல்லுவாங்க, எங்கட தங்கச்சிக்கும் சொன்னாங்க. சொல்லாம விட்டது, அந்த ரத்தம் அந்தப் பொடியன்ர சொந்தக் கொடி ரத்தம் இல்ல, அவனுக்குப் பிறகு பிறந்த தங்கச்சியின்ர எண்டத. அவன்ர சொந்தக் கொடி ரத்தம் இருந்திருந்தாலும் அதுக்குள்ளயும் அதே வருத்தம்தான் இருந்திருக்கும்.

இதுதான் முதல் வழியின்ர அடி ஓட்டை. முதல் வழி எண்டா தனியார் வங்கி, உங்கட பிள்ளைக்கு உங்கட பிள்ளையிட ரத்தம். தலசீமியா எண்ட ரத்த வருத்தத்த எடுங்க. எங்கட நாட்டில குருநாகல் பக்கம் அதுக்கெண்டே தேசிய நிலையம் வைக்கிற அளவுக்குப் பிள்ளையள் இருக்கு. அது ஜீன்ல வாற வருத்தம், பிள்ளைக்குத் தலசீமியா எண்டா கொடி ரத்தத்தில இருக்கிற ஒவ்வொரு செல்லிலயும் அதே பழுதான ஜீன். பூச்சி பிடிச்ச விதைநெல்ல எவ்வளவு குளிரில வச்சாலும் விதைக்கேக்க பூச்சி நெல்தானே. சரி, லியூக்கீமியா எண்ட ரத்தப் புற்றுநோய்? பிள்ளையளுக்கு வாற லியூக்கீமியாவில கனபேருக்கு முதல் பிழை வயித்துக்குள்ள இருக்கேக்கயே வந்திருக்கும். பிறந்தோடன குதிக்காலில குத்தி அட்டையில எடுத்து வச்சிருந்த ரத்தத் துளியத் தேடிப் பாத்து, வருத்தம் வர வருசக் கணக்கு இருக்கேக்கயே அந்தப் பிழை அதில இருக்கெண்டு 1990களில காட்டினாங்க. அப்ப அந்த ரத்தத்தத் திருப்பி ஏத்திறது எண்டா கள்ளனிட்டயே திறப்பக் குடுக்கிற மாதிரி. இதில இன்னொரு வேடிக்கை, லியூக்கீமியாவுக்கு வேற ஆளிட செல் ஏத்தேக்க அந்தப் புது ஆளிட எதிர்ப்புச் செல்லுகள் மிச்சம் மீதிக் கிடக்கிற புற்றுநோய்ச் செல்லப் பாத்து "நீ ஆர்?" எண்டு அடிக்கும், அந்த அடிதான் மருந்தில பாதி. சொந்தச் செல் அப்படி அடிக்காது, வீட்டு நாய் வீட்டாக்களப் பாத்துக் குலைக்காதே.

சொந்தச் செல் உதவுற வருத்தம் ஒண்டுமே இல்லையோ எண்டு கேட்டா, இருக்கு. நியூரோபிளாஸ்டோமா எண்ட பிள்ளைப் புற்றுநோய் மாதிரிச் சிலதுக்கு சொந்த ஸ்டெம் செல்தான் ஏத்துவாங்க. ஆனா அத அந்த நேரம் பிள்ளையிட ரத்தத்தில இருந்தே எடுப்பாங்க, அதுக்கெண்டு ஒரு ஊசி போட்டா மச்சையில இருக்கிற செல் ரத்தத்துக்குள்ள இறங்கி வரும். பிறந்தண்டு எடுத்து வச்சிருக்கத் தேவையில்ல.

அப்ப கணக்கு என்ன எண்டா, அமெரிக்காவில மச்சை மாத்திற டொக்டர்மாரிட சங்கம் 2008ல சொன்னது, ஒரு பிள்ளை தன்ர சொந்தக் கொடி ரத்தத்த முதல் 20 வருசத்துக்குள்ள பாவிக்கிற சான்ஸ் 2,500ல ஒண்டில இருந்து 2 இலட்சத்தில ஒண்டு வரைக்கும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2017லயும் அதேதான், இன்சூரன்ஸ் மாதிரி நினைச்சு தனியாரில வைக்காதீங்க, தேவைப்படுற ஆருக்கும் குடுக்கிற பொது வங்கிக்குக் குடுங்க எண்டு. அதே 2017ல இந்தியாவில ஐ.சி.எம்.ஆர் எண்ட மருத்துவ ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட வழிகாட்டியும் சொந்தப் பாவனைக்கெண்டு காசு கட்டி வைக்கிறதுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்ல எண்டுதான் சொல்லுது. நான் தனியாச் சொன்னா "நீ வாத்தி, உனக்கென்ன தெரியும்" எண்டுவீங்க, அதுக்காகத்தான் இதுகளச் சொன்னன்.

அம்மா இடையில வந்து ஒரு கேள்வி கேட்டா, அது என்ர கேள்விய விட நல்ல கேள்வி. "2022ல மாதிரிக் கரண்ட் கட் வந்தா அந்தப் பெட்டி உருகாதோ?" உருகாதம்மா, அது ஃபிரிட்ஜ் இல்ல, திரவ நைதரசன், சைபருக்குக் கீழ 196 பாகை, கரண்ட் இல்லாட்டியும் நிக்கும், ஆனா அது ஆவியாகிக் குறையக் குறைய மனுசன் பாத்து ஊத்தோணும். அந்த மனுசன்தான் பிரச்சினை. சிங்கப்பூரில, சிங்கப்பூர் எண்டா எல்லாம் ஒழுங்கு எண்டு நாங்க நினைக்கிற சிங்கப்பூரில, 2023ல ஒரு தனியார் வங்கியின்ர தாங்கிகளில சூடு ஏறினது தெரிய வந்து 2,000க்கு மேற்பட்ட குடும்பத்தின்ர உறைய வச்ச ரத்தப் பொதி பழுதாப் போச்சு. ஐரோப்பாவில 2019ல ஒரு பெரிய கம்பனி இழுத்து மூடி, வச்சிருந்ததெல்லாம் வேற நாட்டுக் கம்பனியிட்டப் போச்சு. எங்களுக்கு வந்த பிளானில 75 வருசம் வச்சிருப்பம் எண்டு இருக்கு. இதுவரைக்கும் உறைய வச்சு எடுத்து, செல் நல்ல உயிரோட இருக்கெண்டு காட்டினது 27 வருசம் வரைக்கும்தான், அது 2023ல வந்த ஆய்வு. உறைஞ்சு கிடக்கிற செல்லுக்கு வயது போகாது எண்டதால இன்னும் கனகாலம் நிக்கலாம், அதில நான் சண்டை பிடிக்கல. 75 வருசம் அந்தக் கம்பனி நிக்குமோ எண்டதுதான் என்ர கேள்வி. ஃபைனான்ஸ் கம்பனியில வச்சு காசு போன சனம் நாங்க.

அதோட எங்கட ஊர்க்காரருக்கு மட்டும் ஒரு தனிக் கரைச்சல் இருக்கு. கொடி ரத்தத்த எடுத்து ஏறத்தாழ 48 மணித்தியாலத்துக்குள்ள பதப்படுத்தி உறைய வைக்கத் தொடங்கிறதுதான் நல்ல தரம். திருகோணமலையில இருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் மட்டில, எங்களுக்கு வந்த பிளானில அங்கயிருந்து பிளேனில இந்தியாவுக்கு. பிள்ளை வெள்ளி ராத்திரி பிறந்து, ஆள் சனி காலமை வந்து, ஆவணி வெயிலில வான் வெளிக்கிட்டு, கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்க யானை நடுரோட்டில நிண்டா, நேரம் போகும், நேரம் போனா செல் சாகும். கொழும்பில பிள்ளை பெறுற ஆக்களுக்குச் சொல்லுற அதே வாக்குறுதிய எங்களுக்கும் அதே விலைக்கு விக்கினம், அதுதான் எனக்கு எரிச்சல்.

செல் எண்ணிக்கையும் ஒரு விசயம். ஏத்திறதுக்கு உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு குறைஞ்சது 2.5 கோடி செல்லாவது வேணும் எண்டு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. 60 கிலோ ஆளுக்கு 150 கோடி. ஒரு கொடியில கிடைக்கிற ரத்தம் கனக்க இல்ல, கனதரம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை மட்டுக்குத்தான், சின்னப் பிள்ளைக்குக் காணும், வளந்த ஆளுக்குக் கனதரம் ரெண்டு பொதி சேத்து ஏத்துவாங்க. பொது வங்கிகள் செல் காணாது எண்டு வாறதில பெரும்பகுதியக் கழிச்சு விடும். தனியார் வங்கி கழிக்கிறது குறைவு, காசு கட்டின ஆளுக்கு "உங்கட பிள்ளையிட ரத்தம் காணாது" எண்டு சொன்னா ஆர் வருசா வருசம் கட்டுவினம்?

ரெண்டாவது வழி, பொதுவுக்குக் குடுக்கிறது. எனக்கு மனசுக்குப் பிடிச்சது இதுதான். ஆருக்கெண்டு தெரியாமக் குடுக்கிறது, எங்களுக்குத் தேவைப்பட்டா வேற ஆர் குடுத்ததிலயோ இருந்து எடுக்கிறது. இலங்கை ரத்த வங்கி 2014ல இருந்து முழுக்க முழுக்க தொண்டராக் குடுக்கிற ரத்தத்திலதான் ஓடுது, இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதுசில்ல, கோயில் திருவிழாவுக்கும் ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்துக்கும் ரத்ததான முகாம் வைக்காட்டி நிம்மதியில்லாத ஊர் இது. ஆனா எங்கட ஊரில பிள்ளைப்பேறுக்குப் போற தங்கச்சியிட்ட ஒருத்தரும் இப்படிக் குடுக்கிறீங்களோ எண்டு கேக்கல, அதால அது எங்கட கையில இல்லாத வழியாப் போச்சு. ஆனா கொடி இல்லாட்டியும் வளந்த ஆக்கள் ஸ்டெம் செல் குடுக்கப் பேர் பதியலாம். உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல பேர் பதிஞ்சிருக்கிறாங்க. செல் பொருந்துறது எச்.எல்.ஏ எண்ட அடையாளத்தில, அது பரம்பரையோட வாறது, அதால எங்கட ஆக்களுக்குப் பொருத்தம் எங்கட ஆக்களிட்டத்தான் கூடுதலாக் கிடைக்கும், பதிஞ்சிருக்கிறதில தெற்காசிய ஆக்கள் குறைவு. சென்னையில 2009ல தொடங்கின டாட்ரி எண்ட பதிவேடு இதுக்காகத்தான் வேலை செய்யுது.

மூண்டாவது, கம்யூனிட்டி பாங்க் எண்டு இப்ப இந்தியக் கம்பனியள் விக்கிறது. காசு கட்டி வைக்கிற எல்லாரிட பொதியும் ஒரு பொதுக் குளம், உங்கட பிள்ளைக்குத் தேவைப்பட்டா குளத்தில பொருந்துறத எடுக்கலாம். ஞாயமாச் சொன்னா சொந்தத்துக்கு மட்டும் வைக்கிறத விட இது எவ்வளவோ மேல், ஏனெண்டா வேற ஆளிட செல்தான் வேணும் எண்டத இந்தக் கம்பனியளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆச்சு. காசு கையில கிடந்து கடிக்குது, வச்சே தீருவன் எண்டு நிக்கிற ஆள் எண்டா இதப் பாருங்க. ஆனா ஒப்பந்தத்த முழுக்க வாசிக்கோணும், முக்கியமா உங்கட பொதிய வேற ஒருத்தர் எடுத்தா உங்களுக்கு என்ன, தவணை நிண்டா பொதி ஆருக்குச் சொந்தம் எண்ட ரெண்டு இடமும்.

நாலாவது வழி ஒண்டும் செய்யாம விடுறது எண்டு தங்கச்சி சொன்னாள். அது பிழை, ஒண்டும் செய்யாம இல்ல. பிள்ளை பிறந்தோடன கொடிய வெட்டாம ஒரு நிமிசத்துக்குக் குறையாம விட்டா கொடியிலயும் நச்சுக்கொடியிலயும் நிக்கிற ரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும். ஒரு நிமிசத்தில 80 மில்லிலீற்றர் மட்டில, மூண்டு நிமிசத்தில 100 மட்டில. மூண்டு கிலோப் பிள்ளையிட உடம்பில இருக்கிற மொத்த ரத்தமே ஏறத்தாழ 240 மில்லிலீற்றர்தான், அப்ப யோசிச்சுப் பாருங்க, மூண்டில ஒரு பங்கு. அந்த ரத்தத்தில இருக்கிற இரும்பு பிள்ளைக்கு மாசக் கணக்கில கைகுடுக்கும், உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிசத்துக்கு முந்தி வெட்டாதீங்க எண்டு சொல்லுறது இதுக்காகத்தான். சில பிள்ளையளுக்கு மஞ்சள் கொஞ்சம் கூடி லைட்டுக்கு வைக்க வேண்டி வரலாம், அத மிஸ்ஸிமார் பாப்பினம். பிள்ளைக்கு மூச்சுத் திணறினா டொக்டர் உடன வெட்டுவார், அப்ப நாங்க கடிகாரத்தக் காட்டேலாது. விசயம் என்னெண்டா, பொதிக்குக் கனக்க ரத்தம் வேணுமெண்டா கெதியா வெட்டோணும், பிள்ளைக்கு வேணுமெண்டாப் பொறுக்கோணும். ரெண்டு பக்கமும் இழுபடுறது அதே ஒரு கோப்பை ரத்தம். போன்ல கதைச்ச பிள்ளை இத ஒரு சொல்லும் சொல்லல. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் சங்கம் 2019ல சேமிக்கிறதுக்காக வெட்டுற நேரத்த மாத்தாதீங்க எண்டு எழுதியே வச்சிருக்கு.

"அம்மம்மா முந்தி வெட்டி விழுந்த தொப்புள்கொடிய வெள்ளித் தாயத்துக்க போட்டு இடுப்பில கட்டினவதானே, அதத்தான் நாங்க சயன்ஸா செய்யிறம்" எண்டும் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு. நல்ல கதை. என்ர தாயத்து இன்னும் அம்மாட அலுமாரியில கிடக்கு. காஞ்சு கருகின அந்தத் துண்டில உயிருள்ள செல் ஒண்டும் இல்ல, அம்மம்மா அதுக்கு ஒரு சதமும் வருசக் கட்டணம் எடுக்கவும் இல்ல.

பிறகு எதிர்காலம் எண்ட கதை. ஓட்டிசத்துக்கு, சலரோகத்துக்கு, முள்ளந்தண்டுக்கு, எல்லாத்துக்கும் ஒருநாள் கண்டுபிடிப்பாங்க, அப்ப உங்கட பொதி இருக்கும் எண்டு. ஓட்டிசத்துக்கு அமெரிக்காவில டியூக் பல்கலைக்கழகம் கொடி ரத்தம் ஏத்திப் பாத்து 2020ல முடிவு வந்தது, எதிர்பாத்த முன்னேற்றம் வரல. எதிர்காலத்த நம்புற ஆக்களுக்கு நான் வேற ஒண்டச் சொல்லுவன். ஜப்பானில ஷின்யா யமனாகா 2006ல எலியின்ர சாதாரண தோல் செல்லுக்குள்ள நாலே நாலு ஜீனப் போட்டு அதத் திருப்பி கருவில இருக்கிற மாதிரி ஸ்டெம் செல்லாக்கினார், அடுத்த வருசம் மனுசச் செல்லிலயும் செய்தார், 2012ல நோபல். உடம்பில எந்த உறுப்பாயும் மாறக்கூடியது அந்தச் செல்தான், கொடி ரத்தத்துச் செல் இல்ல. அதுக்கு மூலப்பொருள் உங்கட பிள்ளையிட தோலில ஒரு பொட்டு, எந்த வயசிலயும் எடுக்கலாம். தலசீமியாவுக்கு 2023 கடைசியிலயும் 2024 தொடக்கத்திலயும் இங்கிலாந்திலயும் அமெரிக்காவிலயும் அனுமதி கிடைச்ச ஜீன் வெட்டித் திருத்திற மருத்துவம் இருக்கே, அதுக்கும் வளந்த நோயாளியிட ரத்தத்தில இருந்துதான் செல் எடுக்கினம். பாதிப் பொருத்தம் இருக்கிற தாய் தகப்பனிட செல்லயே ஏத்திற முறையும் இப்ப நல்லா வந்திட்டுது, அதால கொடி ரத்தத்தத் தேடுறது முந்தி மாதிரி இல்ல. ஒரேயொருக்காச் சான்ஸ் எண்ட பேச்சு நாளுக்கு நாள் நலிஞ்சுகொண்டு வருது.

காசக் கடைசியாத்தான் கதைச்சம். முதல்ல ஒரு பெரிய தொகை, பிறகு வருசா வருசம். அவங்க சொன்ன தொகையப் பவுணில கணக்குப் பாத்து அம்மா வாயில கை வச்சா. மச்சான் போன்ல, "பிள்ளைக்கு எண்டா நான் ரெண்டு ஓவர்டைம் கூடச் செய்வன் மச்சான், காசு பிரச்சினையில்ல" எண்டார், அந்த மனுசன் வெயிலில நிண்டு உழைக்கிறது தெரிஞ்சதால எனக்கு அதக் கேக்கத்தான் கஸ்டமாப் போச்சு. நான் சொன்னது, மச்சான் இதே காசப் பிள்ளையிட பேரில வங்கியில போடுங்க, பிள்ளைக்கு என்ன வருத்தம் வந்தாலும் அது மருந்தாகும், ஒரு வருத்தமும் வராட்டி கெம்பஸ் போக உதவும் எண்டு. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "அப்ப ஊசி கீசி போடுற மெடிக்கல் இன்சூரன்ஸ் ஒண்டு போடுவம்" எண்டார். அது புத்தியான யோசனை, எனக்கு அது வரல.

இவ்வளவும் எழுதினது, மூத்த பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லாத வீட்டுக்கு. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியாவோ, லியூக்கீமியாவோ, மச்சை வேலை செய்யாத வருத்தமோ இருந்து அடுத்த பிள்ளை வயித்தில இருந்தா கணக்குத் தலைகீழ். கூடப்பிறந்தவைக்குள்ள முழுசாப் பொருந்துற சான்ஸ் நாலில ஒண்டு, 2 இலட்சத்தில ஒண்டு இல்ல, அப்ப அந்தக் கொடி ரத்தம் தங்கம், பாரிஸில 1988ல நடந்தது அதுதான். ஆனா அதுக்கு வாட்ஸ்அப் கோலுக்குக் காத்திருக்காதீங்க, மூத்த பிள்ளையப் பாக்கிற ரத்த நோய் வைத்தியரிட்ட, மஹரகமவிலயோ குருநாகலிலயோ எங்க காட்டுறீங்களோ அங்க, வயித்தில இருக்கெண்டு தெரிஞ்ச உடனயே சொல்லுங்க. ஏழாம் எட்டாம் மாசத்தில போய் நிண்டா ஆர் எடுக்கிறது, எப்பிடிக் கொண்டுபோறது எண்டு ஒழுங்குபடுத்த நாள் காணாது. வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் தலசீமியா இருக்கோ எண்டு முன்னுக்கே பாக்கிறதப் பற்றியும் அவரிட்டயே கேக்கலாம்.

தங்கச்சி போன புதன் கிளினிக்குக்குப் போனவள், மிட்வைஃபிட்ட கொடிய உடன வெட்டாம விடுவீங்களோ எண்டு கேட்டிருக்கிறாள். "அது இப்ப வழமையாச் செய்யிறதுதான் பிள்ளை, உனக்கு ஆர் சொன்னது?" எண்டு அவ கேட்டாவாம். என்ர அண்ணா எண்டு சொல்லிட்டு வந்திருக்கிறாள். அந்தக் கம்பனிப் பிள்ளை இன்னும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா "ஹாய் அக்கா, டிசைட் பண்ணிட்டீங்களா" எண்டு மெசேஜ் போடுது, எங்கடவள் ஒரு பதில் எழுதி அனுப்பினாள், ரத்தம் எடுக்கிறதுக்கு கொடிய எத்தனை நிமிசத்தில வெட்டுவீங்க எண்டு. ப்ளூ டிக் விழுந்து மூண்டு நாளாகுது.